ஒற்றைக்கால் கிளியும் தைத்துக் கொடுத்த கடிதமும்

டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு வக்கீல் ஆபீஸ்களுக்கு வேலைக்கு வரும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்கே சர்வீஸ் ஏழு வருஷம்தான். ஆனாலும் டிரேட்மார்க் வேலையில் நான் செய்த முதல் தப்பை நீங்களும் செய்ய வேண்டாம் என்று ஓர் ஆசை.

1. ஜர்னலில் வந்த கிளி

எழுபதுகளின் தொடக்கம். பி.காம். முடித்த கையோடு காரைக்குடியில் ஒரு வக்கீல் ஆபீஸில் சேர்ந்தேன். சாருக்கு சிவில் கேஸ்தான் பிரதானம். டிரேட்மார்க் ஃபைல்கள் ஒரு அலமாரியில் தூங்கும். பதிவுக்கு வந்த லேபிள்களை அச்சிடும் ஜர்னல் தபாலில் வரும். யாரும் பிரிக்க மாட்டார்கள். என்னால் சும்மா உட்கார முடியாது. அட்டையிலிருந்து அட்டைவரை படிப்பேன்.

அப்படி ஒரு காலையில் அந்தக் கிளியைப் பார்த்தேன். மதுரை வியாபாரி ஒருவர் சீயக்காய்த்தூளுக்குப் பதிவு கேட்டிருந்த லேபிள். மாதுளங்கிளையில் இரண்டு கிளிகள். வலப்பக்கக் கிளிக்கு ஒரே ஒரு கால்.

ஜர்னலோடு ஓடினேன், கமருன்னிசா அக்கா வீட்டுக்கு. எங்கள் தெருவிலேயே சீயக்காய் அரைத்து டின்னில் அடைத்து விற்பவர். லேபிள் படம் அவர் கையால் வரைந்தது. அச்சுக்கு பிளாக் வெட்டியவர் ஒரு காலை மறந்துவிட்டார். அப்படியே அச்சாகி, அதுவே அடையாளமாகிவிட்டது.

அக்கா பக்கத்தைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார். "இல்லாத காலைக்கூட விட்டுவைக்கலையே, புள்ள" என்றார்.

அக்காவை ஆபீஸுக்குக் கூட்டிவந்தேன். சார் விஷயத்தை விளக்கினார். ஜர்னலில் வந்து மூன்று மாதத்துக்குள் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். ஜர்னலே தாமதமாக வந்ததால் ஐந்து வாரம்தான் மிச்சம். மதுரைக்காரர் எட்டு வருஷமாக விற்பதாகச் சொல்கிறார். அதற்கு முன்பே நாம் விற்றோம் என்று தேதியோடு காட்டாவிட்டால், காப்பியடித்தது நாம் என்று ஆகிவிடும்.

படத்தின் காப்பிரைட் வரைந்தவருக்குத்தானே, அதற்குப் பதிவுகூட வேண்டாமே என்று நான் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன்.

"எப்ப வரைஞ்சதுன்னு யாரு சொல்றது? கிளியா வந்து சொல்லும்?" என்றார் சார். பிறகு அக்காவிடம், "அவுக பேருக்குப் பதிவாயிட்டா, நீங்க வரைஞ்ச படத்தை நீங்களே டின்னுல ஒட்ட முடியாதும்மா" என்றார்.

அக்காவிடம் முதலில் வரைந்த தாள் இல்லை. பழைய டின்னும் இல்லை. தூள் தீர்ந்தால் டின்னை யார் வைத்திருப்பார்கள்?

2. மின்னிய டின்கள்

வைத்திருப்பவர்கள் உண்டு என்று எனக்குத் தோன்றியது. செட்டிநாட்டு வீடுகளில் பெண்ணுக்குக் கொடுத்த சாமான் எதுவும் வெளியே போகாது. கரண்டி முதல் சோப்பு டப்பா வரை ஓர் அறையில் அடுக்கிப் பூட்டிவிடுவார்கள். அக்காவும் நெற்றியைத் தட்டிக்கொண்டார். பதினோரு வருஷத்துக்கு முன் நாச்சியாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஒரு டஜன் டின் போனது. பெண்ணின் முகம் பிடித்துப்போய் அவள் கையில் தனியாக ஒன்று கொடுத்தாராம். அந்தப் பெண் இப்போது வலையபட்டியில் இருக்கிறார்.

உடனே கடிதம் போட்டேன். உங்கள் சாமானில் உள்ள சீயக்காய் டின்களை அரசாங்க ஆபீசில் காட்ட வேண்டியிருக்கிறது, எடுத்து வையுங்கள் என்று. பத்து நாள் கழித்து நானும் அக்காவும் பஸ் ஏறினோம்.

ஆச்சிக்கு முப்பது வயதுதான் இருக்கும். கல்யாணமானால் அங்கே எல்லாரும் ஆச்சிதான். முகப்பில் பன்னிரண்டு டின்களும் வரிசையாக இருந்தன, கண்ணாடி மாதிரி. ஒன்றிலும் லேபிள் இல்லை.

"சர்க்கார் கச்சேரிக்குப் போற சாமானு. அழுக்கோட குடுத்தா எங்களத்தானே பேசுவாக? ரெண்டு நாளு ஊறப்போட்டுப் புளி வச்சுத் தேச்சோம். அந்தக் காகிதம் லேசுல வரல" என்றார், பெருமையாக.

ஒவ்வொரு டின்னாகத் திருப்பிப் பார்த்தேன். லேபிள்தான் வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அக்காதான் முதலில் சிரித்தார். "என் கிளியப் பறக்கவிட்டுட்டீகளே, ஆச்சி." விஷயம் புரிந்ததும் ஆச்சியின் முகம் வாடிவிட்டது. "அட, விடுங்க. டின் அடிக்கிற பட்டறையில கூட இப்படி மின்னாது" என்று அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார். "கையில ஒண்ணு குடுத்தேனே?"

ஆச்சி தயங்கி உள்ளே போய் எடுத்து வந்தார். மஞ்சள் பூத்த லேபிள். இரண்டு கிளி, மூன்று கால். உள்ளே முழுக்கக் கடிதங்கள். எல்லாம் பினாங்கில் இருக்கும் வீட்டுக்காரர் எழுதியவை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவார்.

3. ஒரு வரி

நான் அவசரக்காரி. "லேபிள்ல தேதி இல்ல. இந்த டின்னப் பத்தி எழுதின கடிதம் இருந்தா, அதுல தேதி இருக்குமே, ஆச்சி" என்றேன். ஆச்சி டின்னை மாரோடு அணைத்துக்கொண்டார்.

"விடு புள்ள, வா போவோம்" என்று எழுந்தவர் அக்கா. தன் கிளி கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தேதான் எழுந்தார்.

வாசல்படி இறங்கும்போது ஆச்சி கூப்பிட்டார். நாங்கள் திரும்பி வந்தபோது ஒரு நீலக் கடிதத்தை மடித்து, ஊசி நூலால் மூன்று பக்கமும் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு புறம் தபால் முத்திரை தெரிந்தது. மறுபுறம் ஒரு வரி மட்டும் தெரிந்தது: "இதையும் உன் கிளி டப்பாவில் வை, அந்த ஒற்றைக்கால் கிளி காவல் இருக்கும்." கல்யாணமான வருஷத்து முத்திரை.

"இந்த வரி ஊருக்கு. மத்தது எனக்கு" என்று டின்னோடு நீட்டினார். பிரிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆபீஸில் சார் கத்தரிக்கோலை எடுத்தார். பிரித்தால்தானே முழுதும் பார்க்கலாம் என்றார். வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று கடிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். யார் யாருக்கு முதலாளி என்று முணுமுணுத்தார். கடைசியில் ஸ்டுடியோவில் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்தோம். ஆச்சி கையெழுத்தோடு அஃபிடவிட் போனது. சில மாதங்களில் மதுரைக்காரர் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

சாமானைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஆச்சி டின்னைப் பார்க்கவில்லை. கடிதத்தைத் திருப்பி, நூல் முடிச்சை விரலால் தடவினார்.

"உள்ள என்ன இருக்குன்னு பாக்க ஒனக்குத் தோணலையா?"

"பஸ்ஸுல வரும்போதுகூடத் தோணுச்சு, ஆச்சி."

சத்தமாகச் சிரித்தார். அக்கா புதிதாகப் பன்னிரண்டு டின் கொண்டுவந்திருந்தார், இதையாவது தேய்க்காமல் வையுங்கள் என்ற உத்தரவோடு.

இப்போது லேபிள் பதிவுக்கு யார் வந்தாலும், தேதி எழுதி ஒரு பிரதியை அன்றைக்கே ஃபைலில் வைக்கிறேன். சாட்சிக்குக் கடிதம் எழுதினால் எது வேண்டும், எதற்கு வேண்டும் என்று விவரமாக எழுதுகிறேன். நாம் சான்றுப் பொருளுக்கு எக்ஸிபிட் என்று நம்பர் போடுகிறோமே, அது யாரோ ஒருவர் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அவர் போட்ட முடிச்சோடு அது வீடு திரும்ப வேண்டும்.

அக்கா பேரில் கிளியைப் பதிவு செய்ய ஃபாரம் அடிக்கும்போது, விட்டுப்போன காலையும் வரைந்து சேர்த்துவிடலாமா என்று கேட்டேன்.

"வேணாம் புள்ள. பினாங்குல ஒருத்தரு தேடுவாரு" என்றார்.