தூங்கினான் என்றார்கள்

கொண்டையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு நடமாடும் பெண்ணை நீங்கள் வேறெங்கே பார்த்திருக்கப் போகிறீர்கள்? அதனாலேயே அவள் டெஸ்டர் அக்கா. வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் பட்டறை, பதினெட்டு வருடமாக அவளுடையது. ஆரம்பத்தில் வந்தவர்கள் எல்லாம் அவள் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து, “மெக்கானிக் இல்லையாம்மா?” என்று கேட்டவர்கள்தான்.

“நான்தான். வண்டியைக் காட்டுறீங்களா, இல்ல இன்னும் கொஞ்ச நேரம் தேடுறீங்களா?”

கோபக்காரிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோபம் வண்டி மேல் வராது, சிக்கிக்கொண்ட ஒயர் மேல் வராது. வாய் கூசாமல் பொய் சொல்கிற ஆட்கள் மேல் மட்டும் வரும். வந்தால் லேசில் இறங்காது.

அவளுடைய தம்பி ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டினான். ஒரு நாள் காலை, பதினோரு பிள்ளைகளோடு வளைவில் திரும்பும்போது எஞ்சின் பட்டென்று நின்றுபோனது. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்துத் திருப்பியும் வேன் சாலை நடுவிலிருந்த தடுப்புச்சுவரில் உராய்ந்துதான் நின்றது. பத்துப் பிள்ளைகளுக்குக் கீறல்கூட இல்லை. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு உதடு கிழிந்து மூன்று தையல்.

மத்தியானத்துக்குள் வாகனப் பொறுப்பாளர் அறிக்கை எழுதிவிட்டார்: ஓட்டுநர் கண் அயர்ந்துவிட்டார். பள்ளிக்கூடத்து வேன்களைப் பராமரிப்பதுதான் இந்த மனிதருக்கு வேலை. வண்டி சூடேறினால் எஞ்சின் திக்குகிறது, பார்க்கச் சொல்லுங்கள் என்று தம்பி அந்த மாதத்தில் மட்டும் நான்கு தடவை அவரிடம் சொல்லியிருந்தான். “உனக்கு மட்டும் எப்படிப்பா திக்குது?” என்று சிரித்து அனுப்பியவர் இவர்தான். இப்போது தூங்கினான் என்கிறார்! வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை முன்னால் விசாரணை. தூங்கியது உண்மை என்று முடிவானால் வேலை போகும், உரிமத்தையும் பறிக்கச் சொல்லி எழுதுவார்கள். தம்பிக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

அதைவிடக் கொடுமை, அந்த வேனைப் பழுதுபார்க்க அவளிடமே அனுப்பினார்கள். அவள் அவனுக்கு அக்கா என்று பொறுப்பாளருக்கு நன்றாகத் தெரியும்.

“வேலை வேற, குடும்பம் வேறம்மா,” என்றார் போனில். முகத்தில் என்ன தோலோ, அவருக்குத்தான் வெளிச்சம்.

இங்கேதான் டெஸ்டர் அக்கா ஒரு தப்புச் செய்தாள். எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு எரிபொருள் என்று உத்தரவு போடுவது ஒரு சின்ன அலுமினியப் பெட்டி. ஈ.சி.எம். என்பார்கள். வண்டியில் என்ன கோளாறு வந்தாலும் அதில் பதிவாகும். எந்த வண்டி வந்தாலும் பழைய பதிவுகளை முதலில் அழித்துவிட்டு ஓடவிடுவாள். திரும்ப வருவதுதான் உண்மையான கோளாறு, மற்றதெல்லாம் குப்பை என்பது அவள் கட்சி. அன்றும் கைப்பழக்கத்தில், பதிவைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினாள், என்ன இருக்கிறது என்று பார்க்காமலே அழித்தாள், எஞ்சினை முடுக்கினாள். இருபதாவது நிமிடம், நன்றாகச் சூடேறியதும், எஞ்சின் செத்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே ஈயப்பற்றுகளில் முடி மாதிரி விரிசல், சூடேறினால் விலகி இணைப்பை அறுத்துவிடும். அதிலிருந்த விவரங்களைப் புதுப் பெட்டிக்கு ஏற்றி மாட்டினாள். வண்டி ஜோராக ஓடியது.

கை கழுவும்போதுதான் உறைத்தது. விபத்தன்று காலை, என்ன வேகத்தில் போகும்போது எஞ்சின் நின்றது என்று பெட்டி எழுதி வைத்திருக்கும். தம்பி தூங்கவில்லை என்பதற்கான ஒரே எழுத்து. அதைத் தன் கையாலேயே அழித்திருக்கிறாள். “அடி பாவி!” என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, சோப்பு நுரையோடு நின்றாள்.

தம்பியிடம் சொன்னபோது அவன் கோபப்படக்கூட இல்லை.

“விடுக்கா. வண்டிதான் தப்புன்னு நீ சொல்லிட்டல்ல, அது போதும்.”

“என்னடா போதும்? உன்னை நாலு பேர் முன்னாடி தூங்குமூஞ்சின்னு எழுதி வச்சிருக்கான், போதுமாம்! இப்படிப் பேசிப் பேசித்தான் உன் தலையில மிளகாய் அரைக்கிறாங்க.”

மறுநாளே பொறுப்பாளர் போன் செய்தார். பழைய பெட்டி பள்ளிக்கூடத்துச் சொத்தாம், உடனே அனுப்ப வேண்டுமாம். இதுவரை ஒரு பழைய பல்பைக்கூடத் திரும்பக் கேட்காத மனிதர்.

“தரேன் சார். வெள்ளிக்கிழமை நானே கொண்டுவந்து எல்லார் முன்னாடியும் உங்க கையில தரேன்,” என்றாள்.

வெள்ளிக்கிழமை வேனை அவளே பள்ளி வளாகத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். தலைமையாசிரியை கூடத்துக்குள் வரச் சொன்னார். இவள் அசையவில்லை. “மேடம், நீங்கதான் வெளிய வரணும். சாட்சி சொல்லப்போறது வண்டி.”

வந்தார்கள். பழைய பெட்டியை மாட்டி எஞ்சினை ஓடவிட்டு, வீட்டிலிருந்து எடுத்து வந்த ஹேர் டிரையரை அதன் மேல் காட்டினாள். நான்கு நிமிடம். எஞ்சின் திக்கியது, குலுங்கியது, நின்றது.

“சூடு காட்டினா எந்தப் பெட்டியும் நிக்கும்மா,” என்றார் பொறுப்பாளர்.

“அப்படியா?” புதுப் பெட்டியை மாட்டினாள். அதே டிரையர், அதே தூரம். பத்து நிமிடம் காட்டினாள், எஞ்சின் பாட்டுக்கு ஓடியது. அவருக்கு வியர்த்தது.

“சரி, ஆனா அன்னைக்கு அவர் தூங்கலைன்னு இது எப்படி...” என்று இழுத்தார்.

டெஸ்டர் அக்காவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “சார், இதோட சேர்த்து ஒரே நாள்ல வாங்கின இன்னும் மூணு வேன் இருக்குல்ல? அதுலயும் இதே பெட்டிதானே? நாலு தடவை ஒருத்தன் வந்து சொன்னப்புறம் அதையெல்லாம் பார்த்தீங்களா? சாயங்காலம் பிள்ளைங்களை எதுல ஏத்தப்போறீங்க?”

தலைமையாசிரியை பொறுப்பாளரைத் திரும்பிப் பார்த்தார். “பார்த்தீங்களா, இல்லையா?”

“இன்னும் இல்ல மேடம்,” என்றார் அவர். அறிக்கை அங்கேயே கிழிக்கப்பட்டது. மூன்று வேன்களின் சாவியையும் தலைமையாசிரியையே வாங்கி வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் நம்பி ஏற ஒரே ஒரு வேன்தான் இருந்தது. தம்பிதான் ஓட்டினான், நான்கு நடை. மன்னிப்பு மட்டும் ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. அக்கா அந்த எரிச்சலோடு முன் இருக்கையில் உட்கார்ந்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடியே நான்கு நடையும் கூடப் போனாள்.

கடைசி நடையில் உதட்டில் தையல் போட்ட சிறுமி இருந்தாள். இறங்கும் இடம் வந்ததும் தம்பி கையைப் பிடித்து இறக்கிவிட்டான். தைத்த உதட்டை அதிகம் அசைக்காமல் அவள் பேசினாள்.

“அங்கிள், அன்னைக்கு நீங்க தூங்கவே இல்ல. ‘எல்லாரும் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க’ன்னு கத்தினீங்க. நாங்க எல்லாரும் கேட்டோம்.”

“அப்புறம் ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?” என்று அக்கா கேட்டாள்.

“யாரும் எங்ககிட்ட கேக்கலையே ஆன்ட்டி,” என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குள் ஓடினாள்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. பதினோரு பிள்ளைகள். பெட்டியைத் திறந்து பார்த்தவளுக்கு, அவர்களில் ஒருத்தரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. இந்தத் தடவை திட்ட அவளுக்கு வேறு ஆளே இல்லை.