எழவு வீட்டு வாசம்

வித்தியாசமான சென்ட்டுகளைப் போட்டுப் பார்க்கும் பைத்தியம் எனக்கு. பெட்ரோல் வாசத்தில் ஒன்றைப் போட்டு ஆபீஸில் திட்டு வாங்கினேன். ஈரச் சிமெண்ட் வாசம் எனக்கே தலைவலி கொடுத்தது. அப்படியும் புத்தி வரவில்லை. பன்னீர், சந்தனம், ஊதுபத்திப் புகை எல்லாம் கலந்த புது சென்ட்டைத் தாராளமாக அடித்துக்கொண்டு, மறுநாள் இதய ஆபரேஷனுக்குக் காத்திருந்த மாமாவைப் பார்க்க ஜார்ஜ் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மாமாவின் முகம் வெளுத்தது.

"என்னடா, எழவு வீட்டு வாசம் வருது? அதுக்குள்ள முடிவு பண்ணிட்டீங்களா?"

என் மேலேயே எனக்கு எரிச்சல். கையையும் கழுத்தையும் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். சனியன், போகவில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் முன்பின் தெரியாதவர். "இங்க வாங்க தம்பி" என்று கூப்பிட்டு, தன் தைலத்தை என் கையிலும் கழுத்திலும் அழுத்தித் தேய்த்துவிட்டார்.

"இப்ப ஒங்க மருமகனும் நம்மள மாதிரி சீக்காளிதான் லா" என்றார் மாமாவிடம்.

மாமா சிரித்துவிட்டார். மறுநாள் அந்தச் சிரிப்போடுதான் ஆபரேஷனுக்குப் போனார், நல்லபடியாகத் திரும்பியும் வந்தார்.

இத்தனை சென்ட் வாங்கியபோதும் என் மூக்கை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் உட்காரப் போகிறவரை ஒருநாளும் நினைத்ததில்லை.