உள்ளங்கையில் ஊற்றிய பீர்

1930-களின் நடுவில், கோயம்புத்தூரில் மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. என் கணவர் ஒரு நூல் மில்லில் மெஷின் பொருத்தும் பகுதியில் இருந்தார். அங்கே வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குக் கப்பலேறும்போது, தன்னிடம் மிச்சமிருந்த நான்கு பீர் பாட்டில்களை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான்கும் நான்கு தேசத்துச் சரக்காம். இவர் அதைச் சாமி சிலை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அப்போது என் அண்ணன் வைத்தியத்துக்காக எங்களோடு இருந்தார். கோபிச்செட்டிபாளையம் பக்கம் நெல்லும் வாழையுமாக விவசாயம் செய்தவர். விஷக்காய்ச்சலில் படுத்துப் பிழைத்தார். ஆனால் காய்ச்சல் போகும்போது நாக்கின் ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நல்ல சாப்பாடு கிடைக்காதவர்கள் 'நாக்கு செத்துப்போச்சு' என்பார்களே, அண்ணனுக்கு அது நிஜமாகவே நடந்தது. மருந்தின் கசப்புகூடத் தெரியாமல் மடமடவென்று குடித்தார். தேன், வெல்லம், நெய்ச்சோறு என்று எதைக் கொடுத்தாலும், "மண்ணத் திங்கறாப்பல இருக்குது அம்மணி" என்று இரண்டு வாயோடு எழுந்துவிடுவார். வயிற்றில் கோளாறில்லை, சாப்பிடாவிட்டால்தான் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அண்ணி ஊரில் கைக்குழந்தையோடு காத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அண்ணன் மேல் கோபமும் அழுகையும் மாறி மாறி வரும்.

பீரைக் குளிர வைத்துத்தான் குடிக்க வேண்டுமாம். பாட்டில்களைக் கூடையில் வைத்துக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார் இவர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மேலே தூக்கினால், பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதமெல்லாம் ஊறிக் கழன்று தண்ணீரோடு போயிருந்தது. எது எந்த நாட்டுப் பீர் என்று யாருக்கும் தெரியவில்லை. இவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாட்டுக்கு வந்திருந்த இவருடைய நண்பர் பஞ்சு வியாபாரி. அவர் விடவில்லை. "ஏனுங்க, பஞ்சத் தொட்டுப் பாத்தே இது கம்போடியா ரகம், இது கருங்கண்ணி ரகம்னு சொல்றமுங்க. பீரக் குடிச்சுப் பாத்து நாட்டச் சொல்ல முடியாதுங்களா?" என்றார்.

என் கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்கள் செய்த வெள்ளி டம்ளர்களை எடுத்து வந்தேன். ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயர் வெட்டியிருக்கும். அத்தை டம்ளர், மாமா டம்ளர், சித்தப்பா டம்ளர், பெரியம்மா டம்ளர் என்று நான்கிலும் நான்கு பீரை ஊற்றினேன். மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று சத்தம். அடுப்பே இல்லாமல் பால் பொங்குவது மாதிரி நுரை பொங்கியதை வாய் பிளந்து பார்த்தேன்.

ஒவ்வொரு டம்ளரிலும் எல்லோரும் குடித்துப் பார்க்க வேண்டும், எச்சிலும் படக்கூடாது. என்ன செய்வது? காப்பியைக் குடிப்பதுபோல இவர் அண்ணாந்து வாயில் ஊற்றினார். நுரை மூக்கில் ஏறி, இருமி, சட்டையெல்லாம் பீர். நண்பருக்கும் அதே கதிதான். "தொண்டைக்குள்ள காத்துத்தானுங்க போச்சு" என்றார் பாவம்.

"இது ஆகாது. தீர்த்தமாட்டக் கையில ஊத்து கண்ணு" என்று இவர் உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். கோயிலில் குருக்கள் கொடுப்பதுபோல நான் ஒவ்வொருவர் கையிலும் ஊற்றிக்கொண்டே வந்தேன். பெஞ்சில் சாய்ந்திருந்த அண்ணனையும் நண்பர் விடவில்லை.

"எனக்கு எல்லாமே தண்ணிதானுங்க. எதுக்கு வீணாக்கறீங்க?" என்றார் அண்ணன். ஆனாலும் கை நீட்டினார். எங்கள் பக்கம், ஊற்றுகிறவர் நின்றுகொண்டிருக்கும்போது கையை இழுத்துக்கொள்வது மரியாதை இல்லை.

சித்தப்பா டம்ளர். உறிஞ்சிவிட்டு, "தண்ணி" என்றார். மாமா டம்ளரும் தண்ணிதான். அத்தை டம்ளரில் இருந்ததை வாய்க்குள் வைத்தவர் விழுங்காமல் அப்படியே இருந்துவிட்டார். நெற்றி சுருங்கியது. வாந்திதான் வருகிறது என்று நான் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அண்ணன் மெதுவாக விழுங்கினார்.

"அம்மணி, கசக்குது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் மனசு நோகக்கூடாதென்று பொய் சொல்லக்கூடியவர் அவர். "கண்ண மூடுங்கண்ணா" என்றேன். டம்ளர்களை இடம் மாற்றி, முதலில் பெரியம்மா டம்ளர் பீரை ஊற்றினேன். தலையை ஆட்டி இல்லை என்றார். சித்தப்பா டம்ளருக்கும் இல்லை. அத்தை டம்ளருக்கு வந்தேன்.

"இதுதான்! அடிநாக்குல கசக்குதம்மணி. இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கோ கடல் தாண்டி யாரோ காய்ச்சிய தண்ணீர், என் அண்ணன் நாக்கைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது! பஞ்சு வியாபாரி பீர் வடிகிற கையோடு மேலே பார்த்துக் கும்பிட்டார்.

நான் சமையலறைக்கு ஓடி, வெல்லம் போடாமல் பாகற்காயை வதக்கினேன். அண்ணன் அதைச் சோற்றில் பிசைந்து முகத்தைச் சுளித்துச் சுளித்துச் சாப்பிட்டார். அப்புறம் இன்னொரு கரண்டி கேட்டார். அதைப் போடும்போதுதான் வாய்விட்டு அழுதேன். உப்பு, புளிப்பு எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. இனிப்புக்குத்தான் ரொம்ப நாளாயிற்று. ருசி திரும்புகிற வேளை அதுவாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். இருக்கலாம்.

அது எந்த நாட்டுப் பீர் என்று இவரும் நண்பரும் கடைசிவரை சண்டை போட்டார்கள். எங்கள் வீட்டில் அதற்கு 'அத்தை டம்ளர் பீர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அன்றைக்கு டம்ளரைக் கழுவுமுன் நானும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். வேப்பங்கொழுந்து தோற்றது, போங்கள்!

அண்ணன் பேரன் பேத்தி கல்யாணப் பந்திவரை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். இன்றைக்கும் என் வீட்டில் பிள்ளைகள் யாராவது "கசக்குது" என்று முகம் சுளித்துத் தட்டைத் தள்ளினால், மற்றவர்கள் அதட்டுகிறார்கள். எனக்கு மட்டும் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் மனசு குளிர்ந்துபோகிறது.