ஆட்டுத்தோல் திரை

தேட வேண்டிய சொல்லைத் தட்டியதும் ஆபித் பாஷா முதலில் தோலை இறக்குவார். அதன் பிறகுதான் என்டர். கணினியின் மேல் விளிம்பில் டேப் போட்டு ஒட்டிய ஆட்டுத்தோல் துண்டு அது, ஷூவின் உள்பக்கத்துக்கு வந்த சாம்பிள். இறக்கினால் திரையின் மேல்பகுதி மறைந்துவிடும். எதைக் கேட்டாலும் நாலு வரியில் சுருக்கிப் பதில் சொல்லும் கட்டம் ஒன்று இப்போதெல்லாம் தேடல் முடிவுகளுக்கு மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறதே, அது கண்ணில் படக் கூடாது.

"நான் புக்கு கேட்டா இவன் கதை சொல்றான்" என்பது அவர் புகார்.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் ஏற்றுமதிப் பிரிவில் அவருக்குப் பத்தொன்பது வருடம். ஷூவில் எந்த ரசாயனம் எவ்வளவு இருக்கலாம் என்று ஒவ்வொரு வெளிநாட்டு வியாபாரியும் பட்டியல் வெளியிடுவான். அதைத் தேடி எடுத்து, லேப் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டு இவர் கையெழுத்துப் போட்டால்தான் கன்டெய்னர் கிளம்பும்.

தேடுவதில் அவர் கெட்டிக்காரர்தான். சொல்லை மேற்கோள் குறிக்குள் அடைத்தே தேடுவார். "ரெண்டு பக்கமும் கோட் போடு, இல்லன்னா ஊர்ல இருக்கறதெல்லாம் கொண்டாந்து கொட்டும்" என்பார். பதப்படுத்தும் வழியில் பாதியில் நிற்கும் தோலுக்குத் தொழிலில் க்ரஸ்ட் என்று பெயர்; அதைத் தேடும்போது பீட்சா என்ற சொல்லுக்கு முன்னால் மைனஸ் போட்டு அந்தப் பக்கங்களைத் துரத்துவார். வீட்டில் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் இந்தப் பாடம்தான். "உங்க அத்தாகிட்ட கேட்டா பதில் வராது, தேடற வழிதான் வரும்" என்று மனைவி ஜஹீருன்னிசா சலித்துக்கொள்வார்.

எதையும் நம்பாததில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சந்தேகமும் பழகிப்போனால் ஒருவகைத் தூக்கம்தான். அதை அவர் யோசித்ததில்லை.

போன மாதம் ஜெர்மனிக்குப் போகவேண்டிய குழந்தைகள் ஷூ லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. பட்டியலின் பெயரை வழக்கம்போல் கோட் போட்டுத் தேடி, வழக்கம்போல் முதலில் வந்த பிடிஎஃபைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். பேக்கிங் சூப்பர்வைசர் சம்பத் போனும் கையுமாக வந்து நின்றார். ஒரு ரசாயனத்தின் அளவை வியாபாரி இந்த வருடம் பாதியாகக் குறைத்துவிட்டதாக அதில் இருந்தது.

"கட்டத்துல பாத்தியா?"

"ஆமா பாய்."

"அது எதையாவது சொல்லும். நீ போய் வண்டிய அனுப்பு."

சம்பத் நகரவில்லை. "சரியோ தப்போ, எங்கருந்து எடுத்துச்சுன்னு பக்கத்துலயே போட்டுக்குது பாய். தோல தூக்கிட்டு ஒரு தபா பாருங்க."

தூக்கினார். கட்டத்தின் பக்கத்திலிருந்த இணைப்பைத் திறந்தார். வியாபாரியின் சொந்தப் பக்கம். ஜனவரியில் வந்த புதுப் பட்டியல். இவர் நம்பிய பிடிஎஃபுக்கு நாலு வயது. கோட் போட்டுக் கேட்டதை அது அப்படியே கொண்டுவந்து கொடுத்திருக்கிறது; கேட்டவர்தான் தேதியைப் பார்க்கவில்லை. புது அளவுப்படி இந்தச் சரக்கு தேறாது. போய்ச் சேர்ந்தால் அத்தனையும் திரும்பும், வியாபாரி கைவிட்டுப் போவான், தையல் வரிசையில் இருநூறு பெண்களுக்கு வேலை இருக்காது.

வாசல் கேட்டுக்கு அவரே ஓடினார். அதற்குள் ஏற்றி முடித்து லாரி பாதி வெளியே போயிருந்தது. டிரைவர் முனகிக்கொண்டே பின்னால் எடுத்தார்.

அதற்காகக் கட்டம் ஞானியாகிவிடவில்லை. மறுநாளே வேறொரு கேள்விக்கு அபத்தமாகப் பதில் சொன்னது. இப்போது ஆபித் பாஷா அதையும் படிக்கிறார், அது காட்டும் மூலத்தையும் படிக்கிறார். வேலைதான் ஜாஸ்தி.

லாரி திரும்பிய அன்று சரக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போது, விஷயம் கேள்விப்பட்டு சென்னையிலிருந்து முதலாளி சுஹேல் அகமது போனில் பேசினார். ஆபித் பாய் இருக்கும்வரை கம்பெனிக்குக் கவலையில்லை என்று அவர் சொன்னது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. ஆபித் பாஷா சம்பத்தைத் தேடிப் போனார். சம்பத்தின் இரண்டு கையிலும் அட்டைப்பெட்டி இருந்தது. இவர் போனைச் சட்டையில் ஒருமுறை துடைத்து, சம்பத்தின் காதில் வைத்து, பேசி முடிக்கும்வரை தானே பிடித்துக்கொண்டு நின்றார்.