தமிழ்நாட்டு வரிசையில் ஓர் இடம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புச் சட்டங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு டைம் ஆபீஸ் வேலை. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பல வருடங்களாகப் பார்க்கிறேன். ஒரு மனிதனைப் பற்றி இந்த இரண்டு விவரம் தெரிந்தால் போதும் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தொழிலாளர்களை மாநிலத்தையோ மொழியையோ சொல்லிக் கூப்பிடக் கூடாதாம். மனம் புண்படுமாம். எங்கள் ஆலையில் பாதிப் பேர் வெளிமாநிலத்து ஆட்கள். எல்லாருக்கும் சேர்த்து 'இந்திக்காரன்' என்று ஒரே பெயர். ஒடிசாக்காரரும் இந்திக்காரன், அசாம்காரரும் இந்திக்காரன். அதற்குப் பதிலாக மரியாதையான சொல் ஒன்று வேண்டும் என்று மேனேஜர் என்னைக் கேட்டார். நோட்டீஸ் போர்டில் எழுதுகிறவன் நான் என்பதால் எனக்குத் தமிழ் வரும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ஒரு மதியம் முழுக்க யோசித்து 'விருந்தினர் தொழிலாளர்' என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் என் தோளைத் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டிலும் சொன்னேன்.

ஒரே வாரத்தில் அந்தச் சொல் பட்டறைக்குள் புழக்கத்துக்கு வந்துவிட்டது. "டேய் விருந்தாளி, அந்தப் பிளேட்டத் தூக்குடா" என்று சூப்பர்வைசர் கத்துவது என் ஜன்னல் வரைக்கும் கேட்டது. யாரும் யாரையும் மாநிலத்தைச் சொல்லிக் கூப்பிடவில்லை. சுற்றறிக்கை முழுமையாக அமலாகிவிட்டது என்று பதில் அனுப்பினோம்.

தலைமை அலுவலகம் மகிழ்ந்துபோய் அடுத்த சுற்றறிக்கையை அனுப்பியது. 'பன்முகத்தன்மை நாள்' கொண்டாட வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வரிசை, ஒரு பலகை. பாரம்பரிய உடை. ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒருவர் மைக்கில் தாய்மொழியில் நாலு வார்த்தை பேச வேண்டும். குடும்பத்தினருக்கும் அழைப்பு உண்டு, மதியச் சாப்பாடும் உண்டு.

பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்தது. சேரும்போது எழுதிக் கொடுத்த சொந்த ஊரை வைத்து ஆட்களைப் பிரித்தேன். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தாத்தா ஆந்திராவில் தடாவுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவர். எங்கள் வீட்டில் இன்றைக்கும் தெலுங்குதான். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிட்டேன். என் பெயருக்கு எதிரே தமிழ்நாடு என்று எழுதிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, பேனா என் கையில் இருந்தது.

உடைக்குப் பொன்னேரிக்குப் போனேன். பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு வாடகைக்கு உடை கொடுக்கும் கடை அது. பீகார் உடை கேட்டதற்குக் கடைக்காரர் ஜிகினா வைத்த சிவப்புத் தலைப்பாகை ஒன்றை எடுத்து வைத்தார். ஒடிசாவுக்கும் அதையே வைத்தார். "வடக்குன்னா தலப்பாதான் சார், பத்து வருசமா இதத்தான் குடுத்துக்கினு இருக்கேன், ஒரு ஸ்கூல்லயும் கம்ப்ளெயிண்ட் இல்ல" என்றார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் தலைக்கு ஏற்ற அளவு. அளவு பார்த்து வாங்கியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

விழாவுக்கு நாலு நாள் முன்னால் ஒரு வெல்டர் என் ஜன்னலில் வந்து நின்றார். பீகாரில் பிறந்தவர், பதினான்கு வருடமாக எங்கள் ஆலையில் இருக்கிறார். அவருடைய மனைவி ஆரணிக்காரப் பெண். பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்கு வந்தபோது பழக்கமாகிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவள் அப்பா அன்றைக்கு மகளைத் தலைமுழுகியவர்தான். ஒன்பது வருடமாக மருமகனின் முகத்தைப் பார்த்ததில்லை, பேத்தியையும் பார்த்ததில்லை. அவள் தம்பி எங்கள் ஆலையிலேயே ஃபிட்டர். மாமனும் மச்சானும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிற அளவுக்கு ஒற்றுமை.

"சார், என்னத் தமிழ்நாட்டு லைன்ல போடுங்க சார்."

"உன் ஊரு இன்னாப்பா?"

"மீஞ்சூரு சார். ஊடு அங்கதான கீது."

"பொறந்த ஊரக் கேட்டேன்."

"அது பீகாரு. பத்தொம்போது வயசுல வந்தேன் சார்." ஜன்னலுக்கு இன்னும் கிட்டே வந்தார். "விழாவுக்கு மச்சான் அவங்கப்பாவ இட்டுனு வராரு. நான் இங்க வேல செய்யறேன்னு அவருக்குத் தெரியாது. நான் வேட்டி கட்டிக்கினு, மச்சானோட சிநேகிதன்னு பக்கத்துல குந்தி அர மணி நேரம் பேசிக்கினு இருப்பேன். அப்பால மச்சான் வெசயத்த சொல்லுவாரு. மொதல்ல மன்ஷன்னு தெரியட்டும், அப்பால மருமவன்னு தெரியட்டும் சார். அவ ஊட்ல எறா தொக்கு செஞ்சி வச்சிக்கினு காத்துனு இருப்பா."

எனக்கு விஷயம் புரிந்தது. புரியவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய். ஆனால் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. பீகார் வரிசையில் இருந்தவர்கள் மூன்று பேர், அதில் இருவர் ஊருக்குப் போயிருந்தார்கள். இவரையும் எடுத்துவிட்டால் பலகையைப் பிடிக்க ஆள் இல்லை. ஒரு மாநிலம் குறைந்தால் பன்முகத்தன்மை குறையும் என்று அவரிடம் சொன்னேன். இதைச் சிரிக்காமல் சொன்னேன். அவர் என் மேஜையில் கிடந்த சிவப்புத் தலைப்பாகையைப் பார்த்தார்.

"தலப்பாவக் கட்டிக்கினு அவர் முன்னாடி எப்பிடி சார் நிப்பேன்? எங்க ஊர்ல கல்யாணத்துல பேண்டு வாசிக்கிறவன்தான் இதக் கட்டுவான்."

"ஒரு நாள்தானப்பா, அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றேன். வாழ்க்கையில் நான் நிறையப் பேரிடம் சொன்ன வாக்கியம் அது. அவர் "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விழா நடந்தது. கேண்டீனுக்கு எதிரே பந்தல். ஃபிட்டர் பட்டு வேட்டியில் தமிழ்நாட்டுப் பலகையைப் பிடித்து முன்னால் நின்றார். அவர் அப்பா வெள்ளைச் சட்டை, தோளில் துண்டோடு வந்து எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். யார் என்று எனக்குத் தெரியும், நான் யார் என்று அவருக்குத் தெரியாது. மேடைக்குப் பக்கத்தில் பீகார் என்று எழுதிய பலகையோடு வெல்டர் ஒரு ஆளாக வரிசை கட்டி நின்றார். தலைப்பாகை உச்சந்தலையில் மட்டும் உட்கார்ந்திருந்தது. குனிந்தால் விழும் என்று கழுத்தை அசைக்காமல் நின்றார்.

அவர் முறை வந்தது. மைக்கைப் பிடித்து அவர் ஊர்ப் பேச்சில் இரண்டு வாக்கியம் சொன்னார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் சாப்ட்டுட்டுதான் போவணும். பெரியவங்கள்லாம் வெயில்ல குந்தாதீங்க, இப்பிடி ஃபேனாண்ட வாங்க" என்றார். கடைசிச் சொற்களை எங்கள் பக்கம் பார்த்துத்தான் சொன்னார்.

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "இன்னா தம்பி, தலப்பா கட்டிக்கினு நம்மூரு பேச்சு பேசறான்! நல்ல பையனா கீறான். எந்த ஊரு இவன்?"

இந்த இடத்தை நான் எத்தனையோ முறை மறுபடி நினைத்துப் பார்த்திருக்கிறேன். மீஞ்சூர் என்று சொல்லியிருக்கலாம். அது பொய் ஆகாது. ஆதார் அட்டையிலேயே மீஞ்சூர்தான் இருக்கிறது. என்னை யாராவது கேட்டால் கும்மிடிப்பூண்டி என்று சொல்கிற அதே சுலபத்தோடு சொல்லியிருக்கலாம். என் மடியில் பட்டியல் இருந்தது. இருபது வருட டைம் ஆபீஸ் பழக்கம், கேட்ட விவரத்தைக் கேட்டவுடனே கொடுத்துவிட்டேன்.

"பீகாருங்க. விருந்தினர் தொழிலாளர்."

பெரியவர் முகத்திலிருந்து சிரிப்பு போனது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அதான பாத்தேன். இப்பிடித்தான் நல்லாப் பேசுவானுங்க. என் பொண்ணும் இந்த மாரி ஒர்த்தன் பேச்சக் கேட்டுக்கினுதான் போச்சு."

எழுந்தார். சாப்பிட்டுப் போகலாமே என்றேன். பசி இல்லை என்றார். மகன் கேட்டால் பஸ்ஸுக்குப் போய்விட்டதாகச் சொல்லச் சொன்னார். நான் அவரைப் பிடித்து நிறுத்தவில்லை. எழுந்து நிற்கக்கூட இல்லை. கேட்டைத் தாண்டும்போது செக்யூரிட்டி அவர் போன நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

ஐந்து நிமிடம் கழித்து வெல்டர் வந்தார். தலைப்பாகையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையிலும் டீ. தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். காலி நாற்காலியைப் பார்த்தார்.

"எங்க சார் அவரு?"

"போயிட்டாருப்பா."

"என்னப் பத்தி எதுனா கேட்டாரா?"

"எந்த ஊருன்னு கேட்டாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"லிஸ்ட்ல இருக்கறதச் சொன்னேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு உபகாரமாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. தலையை ஆட்டினார். ஒரு டீயை என் பக்கம் நீட்டினார்.

"ஆறிப்பூடும், நீங்க குடிங்க சார். சக்கர இருக்காது. அவருக்கு சுகர்னு மச்சான் சொன்னாரு, அதான் தனியா போடச் சொன்னேன்."

வாங்கிக் குடித்தேன்.