லிமிற்றர் பூட்டிய லொறி

லொறிச் சாரதிக்குச் சம்பளம் தருபவர் ஒருவர்தான். அவசரம் தருபவர்கள் வழி நெடுக நிற்பார்கள். ஸ்டியரிங் பிடித்தவர்களுக்கு இது தெரியும். மற்றவர்கள் கேட்டு அனுதாபப்படுங்கள்.

காலில் சந்தேகம்

தம்புள்ளையிலிருந்து சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிறேன். லொறி உடுவில்காரர் ஒருவருடையது. போன வருடம் அவர் அதில் லிமிற்றர் பூட்டிவிட்டார். குறித்த வேகம் வந்ததும், அக்சிலேற்றரைத் தரைவரை அமத்தினாலும் வண்டி மேலே ஏறாது. இவ்வளவு காலம் ஓடியவனுக்கு இப்படியா என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னிலை நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டேன்.

"உன்னிலை இருக்குத் தம்பி. உன்ரை காலிலைதான் இல்லை."

உருளும் கோவா

அதன்பிறகு பிந்தத் தொடங்கினேன். சந்தை கூடிய பிறகு போய்ச் சேரும் கோவாவை, அதாவது முட்டைக்கோசை, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருநாள் பரந்தனில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது, சுன்னாகத்தில் சரக்கை எடுக்கும் வியாபாரி போன் எடுத்தார். அவருடைய சரக்கேற்றம் போனால் என் வேலையும் போகும்.

"உன்ரை லொறியிலை வாறதிலும் கோவா தானாய் உருண்டு வந்திருக்கும். இன்னொருக்காப் பிந்தினால் வேறை லொறி பாப்பன்."

பளைக்குக் கிட்ட

அடுத்த நடை நேரத்தோடு வந்துகொண்டிருந்தேன். இயக்கச்சி தாண்ட, ஓர் அரிசி லொறி முந்த வந்தது. என் கதவுக்கு நேரே வந்து, அதற்குமேல் முந்த முடியாமல் பக்கத்திலேயே ஓடியது. அதற்கும் லிமிற்றர்! அவனாலும் ஏற முடியாது, என்னாலும் ஓடி விலக முடியாது. அவன் பின்வாங்கலாமென்றால், அவன் விட்ட இடத்தில் ஒரு பஸ் என் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எதிரே மதகின் மேல் ஒரு மோட்டார் சைக்கிள். கணவன், மனைவி, முன்னால் குழந்தை. ஒதுங்க அவர்களுக்கு இடமில்லை.

பிறேக்கை ஒரேயடியாக மிதித்தால் பஸ் இடிக்கும். மிதிக்காவிட்டால் அந்தக் குடும்பம் இல்லை. அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, பிறேக்கைத் தொட்டுத் தொட்டு வேகத்தைக் குறைத்தேன். அரிசி லொறி எனக்கு முன்னால் நுழைந்தது. மோட்டார் சைக்கிள் உரசாமல் போனது. லொறியை ஓரமாக நிறுத்தினேன். பஸ் கொண்டக்டர் தலையை வெளியே நீட்டினான்.

"ஓடத் தெரியாட்டி வீட்டிலை படு!"

சந்தை

ஓரத்தில் வெகுநேரம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது சந்தை கூடிவிட்டது. வியாபாரியிடம் நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன். முழுவதையும் கேட்டார். சோடாவும் வாங்கித் தந்தார்.

"நல்லகாலம், பிள்ளை தப்பியிட்டுது. நாளைக்கு வேறை லொறி சொல்லியிட்டன் தம்பி."

மோதியிருந்தால் நான் பிந்தியதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். மோதாததால், சக சாரதிகளே, நான் வெறுமனே பிந்தியவன்.