கட்டில் டிக்கட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், சாமி படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். அம்மா காலமான பிறகுதான் துணிவு வந்தது.

அப்போது எனக்கு ஏழு வயது. அம்மாவுக்குக் குடல்வால் வீங்கி, தேயிலைத் தோட்டத்து லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கிழித்துத் தைத்தார்கள். அப்பாவுக்கு மலையில் வேலை. அதனால் பகலில் நான்தான் துணை. அம்மாவுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. நனைத்த பஞ்சை உதட்டில் வைப்பேன்.

பக்கத்துக் கட்டிலில் சீனி வியாதிக்கு வந்த ஒரு அக்கா. அவருக்கும் அம்மாவுக்கும் ஒரே பெயர், மாரியாயி. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

கட்டிலின் கால்மாட்டில் பெயரும் புருஷன் பெயரும் எழுதி, காய்ச்சல் அளவைக் கோடு கோடாய் வரைந்த டிக்கட்டு அட்டை தொங்கும். மறுநாள் காலை, யார் கோடு பெரிய மலை என்று பார்க்க இரண்டையும் கழற்றினேன். செருப்புச் சத்தம் கேட்டதும் அவசரமாக மாட்டிவிட்டேன். எது எந்தக் கட்டிலுக்கு என்று பார்க்கவில்லை.

மிஸ்ஸி ஊசித் தட்டோடு அம்மாவிடம் வந்தார். சிங்களத்துத் தாதி, தமிழ் கொஞ்சம்தான் வரும்.

"பேரு?"

"மாரியாயி."

"புருஷன் பேரு?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அத எப்படிங்க மிஸ்ஸி என் வாயால சொல்றது? அவுக ஆயுசு கொறைஞ்சுரும். வலி தாங்கல, போட்டு விடுங்க."

"பேரு சொல்லாம ஊசி இல்ல, அம்மே."

எதிர்க்கட்டில் கிழவி விடவில்லை. "அஞ்சு புள்ள பெத்தாச்சு, பேரச் சொல்ல மட்டும் வெக்கமாக்கும்."

வார்டே சிரித்தது. அம்மாவுக்கும் சிரிப்பு வந்து, தையலைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டாள். மிஸ்ஸி மட்டும் சிரிக்காமல், அசையாமல் நின்றார். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"கருப்பையா! எங்கப்பா பேரு கருப்பையா. போடுங்க."

மிஸ்ஸி டிக்கட்டைப் பார்த்தார். "இங்க பெருமாள் இருக்கு" என்றார். பக்கத்து டிக்கட்டையும் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. ஊசியை மூடி வைத்துவிட்டு, இரண்டு டிக்கட்டையும் மாற்றி மாட்டினார். அந்த ஊசி பக்கத்து அக்காவுக்குப் போனது. அம்மாவின் வலி ஊசிக்கு வேறு சிரிஞ்சை வேகவைத்து எடுத்து வர அரை மணி நேரமாயிற்று. அந்த அரை மணியும் அம்மா முனகினாள். அந்த மிஸ்ஸிக்கு அம்மை போடட்டும் என்று நான் மாரியம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன்.

காலையில் கட்டில்களைத் துடைத்தது ஒரு ஆயா. அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"சத்தியமா நான் தொடல மிஸ்ஸி" என்று அவர் அழுதார். யாரும் நம்பவில்லை. அவரை அன்றே கக்கூஸ் கழுவுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் அட்டை மாறியதற்கு இவ்வளவு ஏச்சா என்றுதான் தோன்றியது.

முப்பது வருஷம் கழித்து என் வீட்டுக்காரருக்குச் சீனி வியாதி வந்தது. ஊசி போடக் கற்றுத் தந்த தாதி, "போட்டுட்டு சாப்பிடாம விட்டா மயங்கி, உயிரே போயிருங்க" என்றார். கையிலிருந்த சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டேன். அன்று அம்மா இரண்டு நாள் பட்டினி. அவளை நோக்கி வந்தது இந்த ஊசிதான். பெயரைக் கேட்டு நின்ற அந்தப் பிடிவாதத்தைத்தான் நான் சபித்திருக்கிறேன்.

அந்த மிஸ்ஸிக்காக இன்றும் விளக்கேற்றுகிறேன். ஆயாவைத் தேடிப் போனேன், கிடைக்கவில்லை. இதை வாசிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். டிக்கட்டை மாற்றியது ஆயா இல்லை, நான்.